பதினாறாவது பக்கம்

அத்தியாயம் 23

போன ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சின்னுவும் மறக்கவில்லை. எட்டு வருஷமாக அவளை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, எதிர் மரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற அவள் கணவர், அன்றைக்குக் கடைசி பெஞ்சில் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டார்.

"மழைக்குத்தான் ஒதுங்கினேன்" என்று வீடு வந்து சேர்வதற்குள் மூன்று தரம் சொன்னார்.

"நான் ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சுட்டேன்."

சின்னு வாயை இறுக மூடிக்கொண்டாள். சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அவள் அண்ணனும் கணவரும் ஒன்றாக அச்சுத்தொழில் படித்தவர்கள். 'டா' போட்டுப் பேசிக்கொண்டிருந்த இருவரும் கல்யாணத்துக்கு மறுநாள் 'மாப்ள', 'மச்சான்' ஆனார்கள். அண்ணன் அதோடு நிற்காமல், தங்கையின் புருஷனுக்கு மரியாதை என்று 'நீங்க'வும் போட ஆரம்பித்தான். நாலு வருஷம் கழித்து இருவரும் கூட்டாக ஒரு பிரஸ் வைத்தார்கள். பதினோரு வருஷமாக அது ஓடுகிறது.

பிரஸ் வைத்த இரண்டாம் வருஷம் அண்ணன் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அறிமுகமே இல்லாத கிறிஸ்தவ சபைக்காரர்கள் இரண்டு பேர் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எழுந்து வந்தவன் விசுவாசியாக வந்தான். அடுத்த வருஷம் சின்னுவும் அதே வழியில் போனாள். அவள் கணவர் தடுக்கவில்லை. "உனக்கு நிம்மதியா இருந்தா போ. என்னைக் கூப்பிடாதே. அவ்வளவுதான் நம்ம ஒப்பந்தம்" என்றார். அவளும் கூப்பிடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்டாள். அவர் தன் காலால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரவேண்டும். எட்டு வருஷமாக ஒரே விண்ணப்பம்.

இனி இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலை பத்து மணி. பிரஸ்ஸின் முன்னறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சின்னு புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் அவள் கணவர் மெஷினின் உருளைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆரம்பமாகிற சபையின் விசேஷக் கூட்டத்துக்கு ஐந்நூறு புத்தகம். சாயங்காலம் ஆறு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில்தான் அண்ணனைச் சபையை நடத்துகிற மூத்தவர்களில் ஒருவனாக, மூப்பராக நியமிக்கப் போகிறார்கள்.

புத்தகத்துக்கான விஷயம் முழுவதையும் அண்ணன்தான் கையால் எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கணினியில் அடித்தது அவள் கணவர்.

"டைப் அடிக்கறப்போ என் கை மட்டும்தான் படிக்கும். மண்டைக்கு ஒண்ணும் போகாது" என்பார் அவர். அது நிஜம்தான். ரேடியோவில் செய்தியைக் கேட்டுக்கொண்டே முழுப் பிரசங்கத்தையும் அடித்து முடித்துவிட்டு, "எதைப் பத்தி?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்.

சின்னு சிவப்புப் பேனாவோடு பதினாறாவது பக்கத்துக்கு வந்தாள்.

மேலே கொட்டை எழுத்தில் 'ஒரு சகோதரனின் சாட்சி' என்று தலைப்பு. சுற்றிலும் கொடியும் பூவுமாக ஒரு பார்டர். எழுத்துப் பிரதியில் தலைப்பு இல்லாவிட்டால் அவரே ஒன்று போட்டுவிடுவார். முதல் வரியில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைச் சுழித்துத் திருத்தினாள். இரண்டாவது வரியில் ஒரு கால்புள்ளி வைத்தாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

'ஆகையால், விசுவாசம் இல்லாத ஒருவரோடு ஒரே நுகத்தில் நின்றுகொண்டு, சபைக்கு முன்னால் மூப்பனாக நிற்பது சரியல்ல என்று எனக்கு உணர்த்தப்பட்டது. மூப்பர்களும் அதையே சொன்னார்கள். இந்தக் கூட்டங்கள் முடிந்ததும் தொழில் கூட்டிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் உழைத்தோம். ஒரு நாளும் கடுஞ்சொல் வந்ததில்லை. அதனால்தான் இதை நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. தங்கையிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.'

அவசரமாக எழுத்துப் பிரதியைப் புரட்டினாள். கட்டின் கடைசியில் அந்தத் தாள் இருந்தது. மேல் மூலையில் சின்னதாக '2' என்று எழுதியிருந்தது. ஒரு கடிதத்தின் இரண்டாம் பக்கம். முதல் பக்கம் அண்ணனின் பையிலேயே தங்கிவிட்டது போலும்.

ஆக, தன்னை விட்டு விலகுகிற கடிதத்தைத் தானே அடித்து, தலைப்புக் கொடுத்து, பூவும் போட்டு வைத்திருக்கிறார் மனுஷர்.

போன ஞாயிறு அந்தக் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இதைப் படித்தால் அந்த முகம் இனி அந்தப் பக்கம் திரும்புமா?

அவள் அந்தப் பக்கத்தையும் கைப்பிரதியையும் நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

போன் அடித்தது. அண்ணி.

"என்ன சின்னு, உங்கண்ணன் லெட்டரைக் கொடுத்துட்டாரா?"

"எந்த லெட்டர் அண்ணி?"

"ஐயோ, அப்போ இன்னும் கொடுக்கலையா! சரி சரி, நான் ஒண்ணும் சொல்லலை. அவர் இப்பதான் கிளம்பினார். ராத்திரியெல்லாம் தூங்கலைம்மா. வெள்ளைச் சட்டை தைச்சு வந்திருக்கு, போட்டுப் பாருங்கன்னா மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கறார்."

"ஏன் அண்ணி, நீங்க ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் என்ன சொல்றது? வேதத்துல இருக்கறதை மாத்த முடியுமா? உன் நிலைமை வேற, கல்யாணம். அது கடவுள் சேர்த்து வச்சது. இது தொழில்தானே!"

தொழில்தானே. சின்னு போனை வைத்துவிட்டுக் கண்ணாடி வழியே பின்னறையைப் பார்த்தாள். மைக் கறை படிந்த பனியனோடு ஒருவர் உருளையை ஒரு குழந்தையின் முதுகைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விசுவாசம் இல்லாதவரோடு ஒரே நுகத்தில் பிணைத்துக்கொள்ளாதே என்கிற அந்த வசனத்தைச் சின்னு மறுக்கிறவள் அல்ல. சபையில் கல்யாண வயதுப் பெண்கள் வந்து கேட்டால் அவளே சொல்வாள்: "யோசிச்சுக் கட்டிக்கோங்க. ஜெபம் பண்ணி முடிச்சுக் கண்ணைத் திறந்தா பக்கத்துல யாரும் இல்லாம இருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." அந்தத் தனிமையை அவள் ஒருநாளும் சாதாரணமாக நினைத்ததில்லை. ஆனால் கழுத்தில் ஏற்கெனவே நுகம் ஏறிய பிறகு வெளிச்சம் கண்டவர்கள் என்ன செய்வது? அதை யாரும் அவளிடம் வந்து கேட்டதில்லை.

"புரூஃப் முடிஞ்சுதா? அச்சுக்குப் பிளேட் போடக் கொடுக்கணும், பன்னண்டு மணிக்கு மேல பிளேட்காரன் கடையில கூட்டம் சேர்ந்துடும்." கையைத் துடைத்தபடி அவள் கணவர் வந்து நின்றார்.

"முடிஞ்சுது."

வாங்கி விரல் நுனியால் எண்ணினார். புருவம் சுருங்கியது. மறுபடி எண்ணினார். "பதினஞ்சுதான் இருக்கு."

"ஆமா. ஒரு பக்கம் ரெண்டு தரம் வந்திருந்தது. எடுத்துட்டேன்."

பொய் சொல்லிப் பழகாத வாய். கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"ரெண்டு தரமா? நானா அடிச்சேன்?" அவர் தலையைச் சொறிந்தார். "கச்சிதமா பதினாறு வந்துதேன்னு சந்தோஷப்பட்டேனே. நாலு நாலாத்தானே புத்தகம் மடியும்? பதினஞ்சு வந்தா ஒரு பக்கம் மொட்டையா நிக்கும். இரு, பாக்கறேன்."

"வேண்டாங்க. நான் எதையாவது போட்டு நிரப்பிடறேன்."

"நீ ஏன் அலட்டிக்கறே? ஒரு நிமிஷ வேலை."

கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். சின்னு எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் பக்கங்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. பூ பார்டர் வந்ததும் அவர் கை நின்றது.

இந்தத் தடவை கை படிக்கவில்லை. அவர் படித்தார்.

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. அடுத்த கடையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள்.

"இதை நான்தானே அடிச்சேன்?"

"ஆமா."

"தலைப்பும் நான்தானே போட்டேன்?"

"ஆமாங்க."

"பூ வேற போட்டிருக்கேன் பாரு." சிரித்தார். சின்னுவுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க முடியவில்லை. "நீ எப்ப பார்த்தே?"

"பத்தரை இருக்கும்."

"இப்ப மணி பதினொண்ணேகால். முக்கால் மணி நேரம் எங்கிட்ட ஒளிச்சு வச்சிருக்கே."

"நீங்க நொந்துபோயிடுவீங்கன்னுதான்..."

"நோகாம இருக்க ரெண்டு தரம் வந்துதுன்னு ஒரு பொய். உங்கண்ணன் எழுதினதைவிட இதுதான் குத்துது, சின்னு." நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க."

"சரி, நம்பறேன். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். அவனுக்கு நான் கழுத்துல கிடக்கற நுகம். அதைக் கழட்டி வச்சாத்தான் அவன் நல்ல மனுஷன். அப்போ உனக்கு நான் என்ன?"

சின்னு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கதவு திறந்தது. கையில் பையோடு அண்ணன்.

அவன் முதலில் தங்கையின் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். பையைத் திறந்து துழாவி ஒரே ஒரு தாளை எடுத்தான். அதன் மறுபாதி எங்கே போயிற்று என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"மாப்ள..."

"வா மச்சான். உன் சாட்சி நல்லா வந்திருக்கு. ரெண்டே ரெண்டு பிழை, அதுவும் டைப் அடிச்ச என்னுது."

"நான் நேர்ல சொல்லத்தான் நினைச்சேன். ரெண்டு வாரமா முயற்சி பண்றேன். உங்க முகத்தைப் பார்த்தா வாய் அடைச்சுடுது."

"அதனால முகம் இல்லாத காகிதத்துக்கிட்ட சொன்னியாக்கும்."

"உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லை மாப்ள. நான் உங்களை விட்டுப் போகலை. கூட்டைத்தான் விடறேன்."

"கூட்டு எது, நான் எதுன்னு பிரிச்சுக் காட்டு பார்ப்போம். இந்தக் கையில இருக்கற மையில எது என்னுது, எது உன்னுது?" அவர் எழுந்தார். "நான் உன்னை எதுக்காவது இழுத்தேனா? உன் ஞாயிற்றுக்கிழமையில ஒரு மணி நேரம் கேட்டிருக்கேனா? போன மாசம் மதுக்கடைக்காரன் ஆயிரம் நோட்டீஸ் அடிக்கணும்னு வந்தான். மெஷின் ரிப்பேர்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். யாருக்காக?"

"தெரியும். நான் பின்னாடி காகிதம் வெட்டிட்டு இருந்தேன். கேட்டேன்."

"கேட்டியா?"

"கேட்டேன் மாப்ள. அதைத்தான் நான் மூப்பர்கள்கிட்ட சொன்னேன். எனக்காக அவர் பொய் சொல்றார், நான் அதைக் கேட்டுக்கிட்டே கத்தியை இழுத்துட்டு இருந்தேன், எனக்கு வசதியா இருந்துதுன்னு சொன்னேன். அவங்க குற்றமா எடுத்துக்கலை. ஆனா ஒருத்தர் கேட்டார், 'இப்படி அவர் நிழல்லயே நின்னா, நீ என்னிக்கு உன் காலால நிப்பே?'ன்னு."

சின்னு நடுவில் வந்தாள். அதுவரை அவள் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டிருந்தது.

"அதுக்குப் பிரிஞ்சு போறதுதான் வழியா அண்ணா? கத்தியை வச்சுட்டு நீ முன்னால வந்து, 'மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கு இந்த வேலை வேண்டாம்'னு சொல்லியிருந்தா? ரெண்டு எட்டு நடக்கற தூரம்தானே! பொய்யும் இருந்திருக்காது, இந்த லெட்டரும் இருந்திருக்காது."

"வேதத்துல சொல்லியிருக்கு சின்னு."

"நானும் அதே வேதத்தைத்தான் படிக்கறேன். பிணைச்சுக்காதேன்னு சொல்லியிருக்கு. பிணைஞ்சு பதினோரு வருஷம் ஆனப்புறம் அறுத்துட்டு ஓடுன்னு எங்க சொல்லியிருக்கு? நீ இவர்கூடக் கைகோத்தப்போ நீயே விசுவாசி இல்லை. இவர் மாறலை அண்ணா. மாறினது நாமதான்."

"கல்யாணத்துக்குத்தான் அப்படி ஒரு இடம் கொடுத்திருக்கு. தொழிலுக்கு இல்லை. நான் தேடிப் பார்த்துட்டேன்." அண்ணனின் குரல் உடைந்தது. "எனக்கு ஆசையாடா உன்னை விட்டுப் போக? பதினோரு வருஷமா மெஷினுக்கு அந்தப் பக்கம் உன் மூஞ்சிதான்டா எனக்குக் கடிகாரம்!"

பதினைந்து வருஷம் கழித்து வந்த 'டா'.

அவள் கணவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பதினொண்ணே முக்கால். ஐந்நூறு புத்தகம். பேச்சு அப்புறம். சின்னு, பதினாறாவது பக்கத்துல மேல 'குறிப்புகள்'னு போட்டுக் கீழே கோடு இழுத்துடு. கூட்டத்துல கேக்கறதை எழுதிக்கட்டும். மச்சான், நீ போய் பிளேட் போட்டு வாங்கிட்டு வா."

பிளேட் வந்தது. ஒரு மணிக்கு மெஷின் தயாராயிற்று. அது பழைய மெஷின். ஒரு முனையில் காகிதத்தை விசிறிவிட்டு ஊட்ட ஓர் ஆள் வேண்டும். மறுமுனையில் வந்து விழுவதை அடுக்கி, மை கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல இன்னோர் ஆள் வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டிய வேலை.

இந்தப் பிரஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினை ஓட்டுவதற்கு முன் அண்ணன் அதன் மூடியில் கை வைத்து அரை நிமிஷம் ஜெபிப்பான். அவள் கணவர் ஜெபிக்க மாட்டார், கண்ணையும் மூட மாட்டார். பச்சைப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். 'ஆமென்' என்று காதில் விழுந்த பிறகுதான் அழுத்துவார். வேலை எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஒருநாளும் முந்தினதில்லை.

இன்றும் அவர் விரல் பொத்தான் மேல் இருந்தது. அண்ணன் தலைகுனிந்து காகிதத்தையே விசிறிக்கொண்டிருந்தான்.

"என்ன, இன்னிக்குக் கிடையாதா?"

"எந்த வாயால பண்றது மாப்ள?"

"எப்பவும் பண்ற வாயாலதான். உங்க கூட்டத்துக்கு, உங்க புத்தகம். பண்ணாம நான் பொத்தானை அமுக்க மாட்டேன். ஆறு மணிக்குப் போதகருக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

அண்ணன் மூடியின் மேல் கையை வைத்தான். "ஆண்டவரே..." என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மறுபடி "ஆண்டவரே" என்றான். சின்னு கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்து, அண்ணன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். கணவர் முன்னால் அவள் சத்தமாக ஜெபித்ததே இல்லை.

"இந்த ரெண்டு பேரையும் காப்பாத்தும். நான் சொன்ன பொய்யை மன்னியும். ஆமென்."

பச்சைப் பொத்தான் அழுந்தியது.

மூன்று மணி நேரம் மெஷின் ஓடியது. "மை கொஞ்சம் கூட." "சரி." "இடது ஓரம் பாரு." "பார்த்தேன்." அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. மூன்று சாப்பாட்டு டப்பாக்களையும் திறந்து வைத்துச் சின்னு கூப்பிட்டாள். இருவரும் மாற்றி மாற்றி வந்து, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனின் டப்பாவில் பாதி மீந்தது. "வீணாக்காதே, வீட்டுல கேட்டா யார் பதில் சொல்றது?" என்று அவள் கணவர் டப்பாவை அவன் பக்கமே தள்ளினார், முகத்தைப் பார்க்காமல்.

நாலரைக்கு மடிப்பு வேலை. அண்ணன் பின்னறையில் மடித்து வந்ததற்கு ஸ்டேப்ளர் பின் அடித்து, ஓரம் வெட்டிக்கொண்டிருந்தான். முன்னறை மேஜையில் சின்னுவும் அவள் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து மடித்தார்கள்.

"காலையில நான் ஒண்ணு கேட்டேன்" என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஞாபகம் இருக்கு. நீங்க என்கூட இருக்கச் சம்மதிக்கறவரைக்கும் நான் உங்களை விட்டுப் போகக்கூடாது. அதுவும் அதே வேதத்துலதான் இருக்கு."

"எழுதியிருக்கு, அதனால இருக்கே."

"எழுதலைன்னாலும் இருப்பேன்."

"உங்கண்ணனைப் பத்தியும் நான் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

சுருக்கென்றது. அவள் ஒரு தாளை மடித்தாள். அதை நகத்தால் நீவிவிட்டாள். நிதானமாகப் பேசினாள்.

"நீங்க எனக்கு நுகம் இல்லைங்க. பாரமா நினைச்சதும் இல்லை. ஆனா ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் சொன்னதில்லை. எனக்கு ரொம்பப் பெரிய சந்தோஷம் ஒண்ணு இருக்கு, அதை உங்ககிட்ட மட்டும் பகிர்ந்துக்க முடியலை. அதுதான் எனக்கு வலி. ஸ்கூட்டர்ல உங்க முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு எத்தனையோ தரம் சொல்ல வாயெடுத்திருக்கேன். கூப்பிடாதேன்னு சொல்லியிருந்தீங்க. அதனால பேசலை."

அவர் கை மடிப்பதை நிறுத்தியது.

"எட்டு வருஷமாவா?"

"எட்டு வருஷமாத்தான்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பின்னறையிலிருந்து "கட்டு போட்டாச்சு மாப்ள" என்று குரல் வந்தது. எழுந்து போய்விட்டார்.

ஐந்தே முக்காலுக்குப் பத்துக் கட்டுகளும் வாசலுக்கு வந்தன. சபையின் வேன் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். நகக்கண்ணில் இன்னும் மை ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் உட்கார்ந்து பேசுவோம்."

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?"

"எது?"

"உன்னை மூப்பனா ஆக்கறது."

"ஒன்பதரைக்கு." அண்ணன் தங்கையை ஒரு பார்வை பார்த்தான். "எதுக்குக் கேக்கறீங்க?"

அவள் கணவர் கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். நேராக ஆறாவது பக்கத்தைத் திறந்தார். மை ஒட்டிய விரல் படாமல் புறங்கையால் தாளை அழுத்திப் பிடித்தார்.

"மூப்பனா வர்றவனுக்கு இருக்கவேண்டிய தகுதின்னு இங்க ஒரு பட்டியல் இருக்கு. கடைசியில ஒண்ணு. சபைக்கு வெளியில இருக்கறவங்ககிட்டயும் அவனுக்கு நல்ல பேர் இருக்கணுமாம். அப்புறம் போதகர் சபையைப் பார்த்து, 'இவரைப் பத்தி யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கா'ன்னு கேப்பாராம்." நிமிர்ந்தார். "கேப்பாரா, இல்லை சும்மா அச்சடிக்கறதுக்கா?"

"கேப்பார்."

"வெளியாள் எழுந்து பேசலாமா?"

அண்ணனின் முகம் வெளுத்தது. அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பேசலாம் மாப்ள. யார் வேணும்னாலும் பேசலாம்."

"அப்போ அந்த வெளியாள் நான்தான். வர்றேன்."

"என்னங்க சொல்லப் போறீங்க?" என்றாள் சின்னு.

"அவர் கேக்கட்டும். அப்போ சொல்றேன்."

வேன் வந்து நின்றது. அவர் இரண்டு கட்டுகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அண்ணன் அசையாமல் நின்றான்.

சின்னு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கூப்பிடாமல், தன் காலால், அந்த வாசலைத் தாண்டி அவர் வரவேண்டும். அவள் கேட்டது அதைத்தான், வார்த்தைக்கு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு அது நடக்கப் போகிறது. நன்றி சொல்ல உதடு திறந்தது. நெஞ்சோ, 'வேண்டாம் ஆண்டவரே, இப்படி வேண்டாம்' என்று அடித்துக்கொண்டது.